கார் வெளிப்பட்டை கழன்று வரும் ரீகால்: கேட்டவையும் என் பதில்களும்

ஓசூரில் ஒரு ஷோரூம் சர்வீஸில் அட்வைசராகப் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். கதவுப் பட்டை, வீல் ஆர்ச் கிளாடிங், கூரை ஓரப் பட்டை, கண்ணாடித் தூண் கார்னிஷ் என்று வண்டியின் வெளியே ஒட்டியோ கிளிப் போட்டோ மாட்டிய எல்லாவற்றையும் டிரிம் என்போம். அது தளர்ந்து ரீகால் வந்தால், அதாவது குறையைச் சரிசெய்து தர கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்தால், என்ன செய்வது என்று நம் மாவட்டக்காரர்கள் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: சார், கூரை ஓரப் பட்டை கழன்று வரலாம், ரீகால் என்று கம்பெனி மெசேஜ் வந்தது. என் வண்டியில் ஒன்றும் ஆடவில்லை. ஒரு பட்டைக்காக ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு ஓசூர் போகணுமா?

போகணும். பட்டை போனால் உங்களுக்கு அழகுதான் போகும். பின்னால் பைக்கில் வருகிறவருக்கு அப்படி இல்லை. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஊருக்குள் 40-ல் போகும்போது இருப்பதைவிட, 44-ம் நம்பர் ஹைவேயில் 80-ல் போகும்போது நான்கு மடங்கு. அதனால் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் ஆடவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஓரமாகக் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது ‘டக்’கென்று உள்ளே போய்த் திரும்ப வந்தால் அங்கே பிடிப்பு விட்டுவிட்டது. புதிதாக விசில் மாதிரி காற்றுச் சத்தம் கேட்டாலும் அதேதான்.

வெளிநாட்டில் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் சுமார் 19 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் வந்தது. காரணம், முன்கண்ணாடி ஓரத் தூணை மூடும் பட்டையின் கிளிப் சரியாக உட்காராததுதான்.

பர்கூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: அண்ணா, புது வண்டியில் ஒட்டிய பட்டை ஏன் கழன்று வருகிறது? மட்டமான பசையா?

பசை மட்டம் என்று நேரே முடிவு கட்டாதே தம்பி. கழன்ற பட்டையைத் திருப்பிப் பார். டேப் முழுசாகப் பட்டையோடு வந்து, வண்டிப் பக்கம் பெயிண்ட் பளபளவென்று சுத்தமாக இருந்தால், ஒட்டும்போதே பிடிக்கவில்லை. மெழுகோ எண்ணெயோ இருந்திருக்கும், பிடிப்புக்காக முதலில் பூசும் பிரைமரை அடிக்காமல் விட்டிருப்பார்கள், போதுமான அழுத்தம் கொடுத்திருக்க மாட்டார்கள். டேப் நடுவில் கிழிந்து பாதி இங்கேயும் பாதி அங்கேயும் இருந்தால், ஒட்டியது சரி, டேப்தான் தாங்கவில்லை. என் பட்டறைக்கு வருவதில் முதல் ரகம்தான் அதிகம்.

அடுத்தது வெயில். ஒரு மீட்டர் நீள ஏபிஎஸ் பிளாஸ்டிக் பட்டை 40 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். அதன் கீழே இருக்கும் இரும்புத் தகடு அரை மில்லிமீட்டர்தான் நீளும். இந்த இழுபறி தினமும் நடக்கிறது. நடுவில் இருக்கிற டேப் இரண்டு பக்கமும் வளைந்துகொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும் ஆக்ரிலிக் ஃபோம் டேப் போடுகிறார்கள். தர்மபுரி சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிற்கும் கருப்புப் பட்டையைத் தொட்டுப் பார், அது படும் பாடு கைக்குத் தெரியும்.

பசையே விறைத்துப்போன கதையும் உண்டு. 2025 மார்ச்சில் டெஸ்லா தன் சைபர்டிரக் 46,096 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கூரை ஓரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையைப் பிடித்திருந்த பசை, வெயில் மழை சூழலில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது என்பது காரணம். மாற்றிப் போட்டதில் பசையை மட்டும் நம்பவில்லை, போல்ட்டும் நட்டும் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் ஹைவேயில் ஓடும் நீளமான எந்தப் பட்டைக்கும் பசையோடு ஒரு கொக்கியாவது இருக்க வேண்டும். டிசைன் செய்கிறவர்கள் நட்டு வெளியே தெரியக்கூடாது என்பார்கள், அது அவர்கள் கவலை.

பாலக்கோட்டிலிருந்து: ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிட்டேன், கெட்டியாக இருக்கு. இனிமேல் ரீகாலுக்குப் போகலாமா வேண்டாமா?

போங்க, ஆனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த ரகப் பசை காய்ந்தால் கல்லு மாதிரி ஆகும், வளையாது. மேலே சொன்ன வெயில் இழுப்பில் பட்டென்று விடும், பெயிண்டில் வெள்ளை படரும். சர்வீஸில் உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்தால், அந்தச் செலவு யாருடையது என்று வாக்குவாதம் வரும். இனி ஆடினால் எதையும் ஊற்றாதீர்கள். அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள், அதுதான் பின்னால் உதவும்.

தர்மபுரியிலிருந்து ஒரு ஆசிரியை: அண்ணா, பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி. எனக்கு ஒரு மெசேஜும் வரவில்லை. ரீகால் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டீச்சரம்மா, ரீகால் ஓனரைப் பார்ப்பதில்லை, சேசிஸ் நம்பரைத்தான் பார்க்கும். மெசேஜ் பழைய ஓனர் போனுக்குப் போயிருக்கும். ஆர்சி-யில் சேசிஸ் நம்பர் இருக்கும். கம்பெனி இணையதளத்தில் ரீகால் பகுதியில் அதைப் போட்டுப் பாருங்கள். பூஜ்ஜியத்தை ‘ஓ’ என்று அடித்துவிடாதீர்கள், 17 இலக்கச் சேசிஸ் நம்பரில் ஐ, ஓ, க்யூ எழுத்துகளே வராது. இல்லையென்றால் எந்த ஊர் சர்வீஸ் சென்டரிலும் கேட்கலாம். கேஏ பதிவு வண்டியை இங்கே பார்க்க மாட்டோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படியே உங்கள் பெயரையும் நம்பரையும் அவர்கள் கணினியில் மாற்றச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: பார்ட் வரவில்லை, வந்ததும் போன் செய்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். வாரக்கணக்காகிறது, போனும் இல்லை. தினமும் ஓசூருக்கு ஓட்டுகிறேன்.

அதிகம் வந்த கேள்வி இது. வாயால் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள், அதுதான் சிக்கல். அட்வைசர் மேசையில் தினமும் முப்பது பேர் வாயால் கேட்பார்கள், எதுவும் நிற்காது. மறுபடி போய் ஜாப் கார்டு, அதாவது வண்டியின் குறையையும் வேலையையும் பதியும் சர்வீஸ் சீட்டு, போடச் சொல்லுங்கள். அதில் மூன்று வரி இருக்கட்டும்: ரீகாலுக்கு வந்த வண்டி, பட்டை இன்ன இடத்தில் தளர்ந்திருக்கிறது, பார்ட் கையிருப்பு இல்லை. நகல் வாங்கிக்கொண்டு, அதையே போட்டோ எடுத்து கம்பெனி வாடிக்கையாளர் மெயிலுக்கு அனுப்புங்கள். ஜாப் கார்டு திறந்தே கிடந்தால் மேலிடத்தில் கேள்வி வரும், அட்வைசருக்கும் அது தெரியும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், சொல்கிறேன்.

அதுவரை ஓட்டவேண்டுமானால், தளர்ந்த பட்டையைச் சர்வீஸிலேயே கழற்றித் தரச் சொல்லுங்கள். டிக்கியில் துணி சுற்றிப் போட்டுக்கொள்ளலாம். அசிங்கமாகத்தான் இருக்கும், பறந்துபோய் யார் மீதாவது விழுவதைவிட மேல். கிளிப் ஓட்டை திறந்திருந்தால் தண்ணீர் இறங்காமல் அடைத்துத் தரச் சொல்லுங்கள். பிரவுன் டேப் சுற்றிக்கொண்டு ஹைவே ஏறாதீர்கள், வெயிலில் அந்தப் பசை இளகிவிடும்.

அரூரிலிருந்து: என் மாடலுக்கு ரீகாலே அறிவிக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் நாலைந்து பேருக்கு இதே பட்டை கழன்றிருக்கு. யாரிடம் சொல்வது?

மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் வண்டி ரீகாலுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கே புகார் பதியுங்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது ரீகாலுக்கான 110ஏ பிரிவு வந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் பொருந்தும். ஒரே குறைக்குப் புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் அரசே விசாரித்துக் கட்டாய ரீகாலுக்கு உத்தரவிடலாம், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. எண்ணிக்கைதான் கணக்கு என்பதால் ஐந்து பேரும் தனித்தனியாகப் பதியுங்கள், ஒருவர் போட்டால் போதும் என்று இருக்காதீர்கள். ‘பார்க்க நன்றாக இல்லை’ என்று எழுதினால் எடுபடாது. ஓடும்போது பிரிந்து விழுந்தது, பின்னால் வந்தவருக்கு ஆபத்து என்று எழுதுங்கள்.

உங்கள் சொந்த நஷ்டத்துக்கு வழி வேறு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அது கேட்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள்.

ஊத்தங்கரையிலிருந்து: அண்ணன் மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே எப்படி?

அங்கே என்எச்டிஎஸ்ஏ என்ற அரசு அமைப்பின் தளத்தில் சேசிஸ் நம்பர் போட்டால் உடனே தெரியும். முதல் விற்பனையிலிருந்து 15 வருடம் வரை ரீகால் வேலை இலவசம், தபாலில் கடிதமும் வரும். நம்மூரில் 7 வருடம்தான் என்பது எனக்கு மனக்குறை. இங்கேதான் 12 வருட வண்டியும் தினமும் ஹைவேயில் ஓடுகிறது.

பென்னாகரத்திலிருந்து: தொப்பூர் இறக்கத்தில் என் கார் பட்டை பறந்து பின்னால் வந்த கார் கண்ணாடியில் பட்டது. பணம் யார் தரணும்?

அவர் உங்களிடம்தான் கேட்பார். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருந்தால் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை கவர் ஆகும். கம்பெனிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள், காவல் நிலையத்திலும் பதியுங்கள். விழுந்த துண்டு கிடைத்தால் பத்திரம், டேப் பக்கத்தைத் துடைத்துவிடாதீர்கள். உங்கள் பட்டைக்கு உங்கள் பாலிசியில் கேட்டால் தயாரிப்புக் குறை, தேய்மானம் என்று தள்ளிவிடுவார்கள்.

சூளகிரியிலிருந்து: ஆக்சசரி கடையில் போட்ட ரெயின் வைசர் ஆடுகிறது. ரீகாலில் வருமா?

வராது. கடைக்காரரைப் பிடியுங்கள்.

ராயக்கோட்டையிலிருந்து: ரீகால் வேலைக்குப் பணம் கேட்டு ஒருவர் போன் செய்தார்.

வையுங்கள் போனை. ரீகால் வேலைக்குப் பார்ட்டுக்கும் கூலிக்கும் காசு கிடையாது.

ஓசூரிலிருந்து: நேற்று புதுப் பட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். வாட்டர் வாஷ் விடலாமா?

மூன்று நாள் விட வேண்டாம். நல்ல ஃபோம் டேப் ஒட்டிய 24 மணி நேரத்தில் பெரும்பகுதி பிடித்துவிடும், முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும். குளிரில் இன்னும் மெதுவாகத்தான் பிடிக்கும். அதனால் உங்கள் ஊர் மார்கழிக் காலையில் திறந்தவெளியில் வைத்து ஒட்டினார்களா என்று கேளுங்கள். வாஷ் விடும்போதும் ஜெட் துப்பாக்கியைப் பட்டை ஓரத்தில் நேராகக் காட்ட வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள்.