தண்டையார்பேட்டை சகோதரிக்கு: அழும் பிள்ளையோடு ஞாயிறு மாலை

சகோதரி, மூன்று வயதுப் பையனை ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிப் போனாலும் பத்து நிமிடத்தில் அழுகிறான், பங்குனி வெயிலில் அலைக்காதே என்று மாமியார் வேறு சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மாமியார் சொல்வது பாதி சரி. பதினொரு மணிக்குக் கிளம்பினால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். நாலரைக்கு மேல் கிளம்புங்கள், மதியம் கட்டாயம் தூங்க வைத்துவிட்டு.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறுங்கள். 2021-இல் விம்கோ நகர் வரை நீட்டினார்களே, அந்தப் பாதைதான். சுரங்கத்துக்குள் கிளம்பும் வண்டி புது வண்ணாரப்பேட்டைக்கு முன்னால் மேலே ஏறி சட்டென்று வெளிச்சத்துக்கு வரும். என் மகள் அந்த இடத்தில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளை "கறுப்பு, இன்னொரு கறுப்பு" என்று எண்ணிக்கொண்டே வருவாள், அழுகைக்கு நேரமே இருக்காது. திருவொற்றியூர் தேரடியில் இறங்கி தியாகராஜர் கோயிலுக்குள் போங்கள். பெரிய பிராகாரம், ஓடட்டும் விடுங்கள். ஆனால் வெயில் பட்ட கல் சாயங்காலமும் சுடும், நிழல் பக்கமாகவே நடத்துங்கள்.

வழியில் நுங்கு கிடைத்தால் தோலை உரித்து, சின்னத் துண்டாக்கிக் கொடுங்கள், முழுசாக வேண்டாம், வழுக்கித் தொண்டையில் சிக்கிவிடும். அப்புறம், கடல் பார்க்கணும் என்று எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். கரை முழுக்கக் கருங்கல், சாலையில் கன்டெய்னர் லாரிகள். ஆறரைக்குள் திரும்பிவிடுங்கள், பசி வருவதற்கு முன்னால்.