கடைசி வாரம் சும்மா இருக்க முடியவில்லையே!

கேள்வி: இன்னும் ஒன்பது நாளில் என் முதல் மாரத்தான். திட்டப்படி ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறேன். ஆனால் கால் கனக்கிறது, முழங்காலில் புதிதாக ஒரு வலி, எடையும் ஒரு கிலோ ஏறிவிட்டது. சேர்த்த தெம்பெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கடைசியாக ஒரு 30 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம். கடிதத்தைப் படித்தால் மனதுக்குள் ஏற்கெனவே ஷூவை மாட்டிவிட்டீர்கள் என்று தெரிகிறது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று ஓடும் நீண்ட ஓட்டத்தின் பலன் உடம்பில் சேர ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். களைப்போ அன்றைக்கே வந்துவிடும், அதுதான் தொடக்கக் கோடு வரை உங்களோடு வரும். தெம்பும் அப்படியெல்லாம் ஒரு வாரத்தில் கரைந்துவிடாது. நீங்கள் ஓட்டத்தை நிறுத்தவில்லையே, தூரத்தைத்தானே குறைக்கிறீர்கள்? கடைசி இரண்டு மூன்று வாரத்தில் வாரத் தூரத்தைப் பாதி அளவுக்குக் கொண்டுவருவார்கள், வேகத்தை மட்டும் விடமாட்டார்கள்: ஒரு நாள் பந்தய வேகத்தில் சில கிலோமீட்டர், லேசான ஓட்டத்தின் முடிவில் நாலைந்து ஸ்ட்ரைட்ஸ் (சில நொடிகள் மட்டும் வேகமெடுத்து ஓடும் குட்டி ஓட்டங்கள்), போதும்.

எடை ஏறியது நல்ல செய்தி. ஓட்டம் குறைந்ததும் தசைகள் கிளைகோஜனை (ஓட்டத்துக்கு எரிபொருளாகும் சேமிப்புச் சர்க்கரை) நிரப்பிக்கொள்கின்றன, ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் கூடவே தங்குகிறது. முப்பது கிலோமீட்டரைத் தாண்டியபின் கைகொடுக்கப்போவது அதுதான், எடை பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

சரி, மனசு? மாதக்கணக்கில் உங்கள் கவலைக்கெல்லாம் மருந்தாக இருந்தது ஓட்டம்தான். பதற்றம் உச்சத்தில் இருக்கும் வாரமாகப் பார்த்து அந்த மருந்தைப் பாதியாக்கினால் பரபரக்கத்தானே செய்யும்? அந்தப் பரபரப்பை உடம்பு தரும் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கம்போல எழுந்து, ஓடும் நேரத்தில் கொஞ்சம் நடங்கள். முதல் ஐந்து கிலோமீட்டர் என்ன வேகம், ஜெல் (ஓடிக்கொண்டே சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) எப்போது, நடுவில் தடுமாறினால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதுங்கள், எழுதியதைத் தினமும் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். அப்புறம், அடுத்தவர் ஸ்ட்ராவா என்ற ஓட்டக் கணக்குச் செயலியில் போடும் தூரத்தைப் பார்க்கவே வேண்டாம் (அவருக்குப் பந்தயம் எந்த மாதமோ!). நேரம் கிடைத்ததே என்று ஜிம்மில் புது உடற்பயிற்சி தொடங்குவதும் வேண்டாம்.

முழங்கால் வலி: இந்த நாட்களில் பலருக்கும் புதுப்புது வலிகள் முளைக்கும், வேலையில்லாத மனசு உடம்பைத் துருவ ஆரம்பித்துவிடும். லேசாக ஓடும்போது மறைந்துவிட்டால் கவலை வேண்டாம். ஓட ஓடக் கூடினாலோ, வீங்கினாலோ, நொண்ட வைத்தாலோ தள்ளிப்போடாமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.

பந்தயத்துக்கு முந்தின இரவு தூக்கம் வராமல் போகலாம், நிறையப் பேருக்கு அப்படித்தான். அந்த ஒரு இரவு கெட்டதால் ஓட்டம் பெரிதாகக் கெட்டுவிடாது, ஆனால் அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். அதனால் இந்த வாரம் முழுக்கச் சீக்கிரம் படுங்கள்.