வருத்தம் ஒண்டும் இல்லாத நேரத்தில எதுக்கு பிரஷர், சுகர் எல்லாம் பாத்துக்கொண்டிருக்கோணும்?

உங்களுக்கு 38 வயசு, நல்லாத்தான் இருக்கிறீங்கள், ஏதும் வந்தா டொக்டரிட்ட போகலாம்தானே எண்டு கேட்டிருக்கிறீங்கள். என்ர அப்பாவும் இதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர், அதால கொஞ்சம் விரிவா எழுதுறன்.

அப்பாக்கு புறக்கோட்டையில ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு வேலை. வெள்ளவத்தையில இருந்து 100 பஸ்ஸில போய் வருவார், ஒரு நாள் காய்ச்சல் எண்டு படுத்ததை நான் கண்டது குறைவு. 2022ல பேப்பர் வாசிக்கேக்க எழுத்து மங்குது, கண்ணாடி மாத்தோணும் எண்டார். கண் டொக்டர் மருந்து விட்டு உள்ளுக்க பாத்திட்டு கேட்ட முதல் கேள்வி, "ஐயா, உங்களுக்கு எத்தனை வருசமா சீனி வருத்தம்?" அப்பா என்னைப் பாக்கிறார், நான் அவரைப் பாக்கிறன். எனக்கு சீனி இல்லையே எண்டு சொன்னார். அடுத்த நாள் வெறும் வயித்தில பாத்தா 214.

அண்டைக்கு இரவு அலுமாரியில இருந்த ஒரு சொப்பிங் பாக்கை வெளியில எடுத்தம். மூண்டு பழைய ரிப்போட், மூண்டும் வேற வேற லாப். 2009ல 106, 2012ல 113, 2015ல 121, எல்லாம் வெறும் வயித்தில எடுத்தது. 100க்குக் கீழ எண்டா நோர்மல், 126 அல்லது அதுக்கு மேல போய் இன்னொருக்கா பாத்தும் அப்படியே இருந்தா சீனி வருத்தம் எண்டு சொல்லுவினம், அப்பா அந்த இடைவெளிக்குள்ளயே ஒவ்வொரு படியா ஏறிக்கொண்டு போயிருக்கிறார். ஒவ்வொரு டொக்டரும் தனக்கு முன்னால இருந்த ஒரு தாளைப் பாத்து, கொஞ்சம் கூட இருக்கு, சாப்பாட்டில கவனம் எண்டு சொல்லி அனுப்பியிருக்கினம், அது பிழையும் இல்லை. மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு ஒருத்தரும் பாக்கேல்லை. அதுக்குப் பிறகு 7 வருசம் டெஸ்டே இல்லை. 2015ல ரத்தம் குடுக்க அவரை ஆட்டோவில கூட்டிக்கொண்டு போனது நான்தான், ரிப்போட்டை வாங்கிக் குடுத்தனே தவிர எத்தனை எண்டு கேக்கேல்லை. அது இப்பவும் எனக்கு மனசில கிடக்கு.

நான் சொல்ல வாறது இதுதான். இங்க கொழும்பில நாங்கள் பாக்கிற விதத்தை யோசிச்சுப் பாருங்கோ, இண்டைக்கு ஒரு இடத்தில சனல் பண்ணுவம் (காசு கட்டி டொக்டரைப் பாக்கிறது), அடுத்த முறை கிட்ட இருக்கிற வேற இடம், ரிப்போட்டை எங்கட கையில தந்திடுவினம், டொக்டருக்கு எங்களோட கதைக்க கிடைக்கிறது சில நிமிசம். அப்ப எல்லாத் தாளும் ஒண்டா சேர்ற ஒரே இடம் எங்கட வீடுதான். அதை வரிசையா வச்சுப் பாக்கிற வேலையை நாங்கள் செய்யாட்டி வேற ஆரும் செய்யப் போறதில்லை.

ஒரு சீஆர் கொப்பி வாங்கி, ஆளுக்கு கொஞ்சப் பக்கம் ஒதுக்கி, திகதி, நம்பர், வெறும் வயிறா இல்லையா, அந்த நேரம் குடிச்ச மருந்து, இவ்வளவும் எழுதுங்கோ. ரிப்போட்டை போனில படமும் எடுத்து வையுங்கோ.

பிரஷரில கனபேர் பிழை விடுகினம். லிப்ட் வேலை செய்யாத பிளட்ஸில மூண்டு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க வாங்க மெஷினைக் கட்டினா கட்டாயம் கூடத்தான் காட்டும். 5 நிமிசம் சும்மா இருங்கோ, முதுகு சாய்ஞ்சு, ரெண்டு காலும் நிலத்தில, கை நெஞ்சு உயரத்தில மேசையில, சட்டைக்கு மேலால கட்டாமல், கதைக்காமல். அதுக்கு முன் அரை மணித்தியாலம் தேத்தண்ணி, கோப்பி வேண்டாம், சலம் வந்தா போயிட்டு வந்து பாருங்கோ. ஒரு நிமிசம் விட்டு ரெண்டாந்தரமும் எடுத்து ரெண்டையும் எழுதுங்கோ. மணிக்கட்டில கட்டிறதை விட மேல்கையில கட்டிற மெஷின் நல்லம். வீட்டில எடுக்கேக்க 135க்கு 85 எண்டதை விட கூடவா அடிக்கடி வந்துகொண்டிருந்தா கொப்பியோட டொக்டரிட்ட போங்கோ, ஒரு நாள் கூடினதுக்கு பயப்படவும் வேண்டாம், குறைஞ்சிட்டுது எண்டு நீங்களே குளிசையை நிப்பாட்டவும் வேண்டாம்.

சுகருக்கு 8 மணித்தியாலமாவது சாப்பிடாமல் இருக்கோணும், தண்ணி பரவாயில்லை, பிளேன்டீயும் குடிக்கக்கூடாது. எச்பிஏவன்சீ எண்ட ரத்த டெஸ்ட் போன மூண்டு மாசத்து சுகரின்ர சராசரி மாதிரி, டெஸ்டுக்கு முதல் ரெண்டு நாள் சோத்தைக் குறைச்சு அதை ஏமாத்தேலாது. அளவு நாடாவும் ஒண்டு வையுங்கோ, எங்கட தெற்காசிய ஆக்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆம்பிளைக்கு 90, பொம்பிளைக்கு 80 சென்ரிமீற்றர் வந்தாலே கவனிக்கச் சொல்லுவினம்.

காசு ஒரு சாட்டு இல்லை. 35 வயசு தாண்டின ஆக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில ஹெல்தி லைப்ஸ்டைல் சென்டர் எண்டு இருக்கு, உயரம், நிறை, பிரஷர், சுகர் எல்லாம் இலவசமாப் பாப்பினம், பொம்பிளையளுக்கு எம்ஓஎச் (ஏரியா சுகாதார வைத்திய அதிகாரி) ஊடா வெல் வுமன் கிளினிக் 1996ல இருந்து நடக்குது. உங்கட ஏரியாவில எந்த நாளில எண்டு எம்ஓஎச் ஒபிஸில கேட்டா சொல்லுவினம்.

அப்பாக்கு லேசர் செய்து பார்வை மேலும் போகாமல் நிண்டிட்டுது, ஆனா வலது கண் முழுசா திரும்பி வரேல்லை. இப்ப கொப்பியை அவர்தான் எழுதுறார், அவற்ற பக்கத்தில எழுத்தெல்லாம் பெரிசு பெரிசா இருக்கும்.

உங்களிட்டயும் கட்டாயம் ரெண்டு மூண்டு பழைய ரிப்போட் எங்கயாவது கிடக்கும். மெஷின் வாங்க ஓட முதல் அதுகளைத் தேடி எடுத்து, திகதிப்படி அடுக்கி ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.