கரியில் வடிகட்டிய வொட்காவுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்காக ஒரு போத்தல் வொட்கா வாங்க விரும்புகிறேன். ‘கரியில் ஐந்து முறை வடிகட்டியது’ என்று எழுதப்பட்ட போத்தலின் விலை மற்றதைப் போல் ஏறக்குறைய இரு மடங்காக உள்ளது. அறிமுகமான ஒருவரோ, முத்திரை ஒட்டாத மலிவான ஸ்பிரிட்டைத் தருவதாகவும், அதைச் சிரட்டைக்கரியில் வடித்தெடுத்தால் அதே தரம் வந்துவிடும் என்றும் கூறுகிறார். எதை நம்பலாம்? – வாசகர், கிளிநொச்சி

பதில்: அறிமுகமானவர் தருவதாகச் சொல்லும் ஸ்பிரிட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வன்னியில் கசிப்பைப் பற்றியும் இதே பேச்சு உலவுவதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வடிகட்டலுக்குப் பயன்படுவது அடுப்புக்கரி அன்று. உயர் வெப்பத்தில் நீராவி செலுத்திப் பதப்படுத்தப்படும், செயற்படுத்திய கரி. இலங்கை நமது சிரட்டையிலிருந்தே அதை உற்பத்தி செய்து உலகெங்கும் ஏற்றுமதி செய்கிறது. அதன் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் மொத்தப் பரப்பு ஆயிரம் சதுர மீற்றரைத் தொடக்கூடும். கோதுமை, ரை போன்ற தானியங்களின் புளித்த கலவையைக் காய்ச்சி வடிக்கும்போது, குடிக்கும் மதுசாரமான எதனோலுடன் சேர்ந்து வரும் பியூசல் எண்ணெய்கள் எனும் கனமான மதுசாரங்களையும் காரமான மணம் தரும் வேறு சில சேர்வைகளையும் அந்தப் பரப்பு ஓரளவு பிடித்துக்கொள்கிறது. ரஷ்யாவில் பணியாற்றிய வேதியியலாளர் லோவிட்ஸ் 1785இல் கரியின் இந்த இயல்பைக் கண்டறிந்த பின்னரே வொட்கா தயாரிப்பில் அது இடம்பிடித்தது. ஆனால் நச்சு மதுசாரமான மெதனோலின் மூலக்கூறு மிகச் சிறியது, நீருடனும் எதனோலுடனும் எளிதில் கலந்திருப்பது. ஆகவே கரி அதைப் பிடிப்பதில்லை. மணமும் சுவையும் மென்மையாகிவிட்ட பிறகும் நஞ்சு அப்படியே இருக்கும் என்பதால், இவ்வாறு வடிகட்டிய ஸ்பிரிட் வடிகட்டாததைவிட ஏமாற்றும் தன்மை கூடியது என்றே நான் கருதுகிறேன்.

தானியத்தைப் புளிக்கவைக்கும்போது இயல்பாக உண்டாகும் மெதனோல் குறைவு. முத்திரையற்ற ஸ்பிரிட்டில் உள்ள பேராபத்து, தொழிற்சாலைத் தேவைக்கான மெதனோல் அதில் கலக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதே. ஈரல் அதை ஃபோர்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பைத் தாக்குகிறது. அறிகுறிகள் பல மணி நேரம் கழித்து, சில வேளை ஒரு நாள் கழித்தே தோன்றும். குடித்தவருக்குப் பார்வை மங்கினாலோ, வாந்தியும் கடும் தலைவலியும் ஏற்பட்டாலோ, வெறி என்று எண்ணிப் படுக்கவைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உரிய நேரத்தில் கொடுத்தால் பயன்தரும் சிகிச்சை உண்டு.

இனி அந்த விலை கூடிய போத்தல். வொட்காவின் தூய்மை பெரும்பாலும் வடிசாலையின் உயர்ந்த வடிகோபுரங்களில், எதனோல் ஏறக்குறைய 96 சதவீதம் வரை செறிவடையும்போதே தீர்மானமாகிவிடுகிறது. கரி அதன் பிறகு சுவையைத் திருத்துவது மட்டுமே. ஐந்து முறை என்ற எண்ணிக்கையை வைத்து எதையும் கணிக்க முடியாது. எவ்வளவு கரி, அது எவ்வளவு புதியது, திரவம் எவ்வளவு மெதுவாக ஊடுசென்றது என்பவையே முக்கியம். துளைகள் நிறைந்துபோன கரியில் ஐந்து முறை செலுத்துவதைவிடப் புதிய கரியில் ஒரு முறை மெதுவாகச் செலுத்துவது மேலானது. இவற்றை எந்தச் சுட்டுத்துண்டும் சொல்வதில்லை. வெள்ளி, பிளாட்டினம் ஊடாக வடிகட்டியது என்ற வாசகங்களுக்கும் நான் ஒரு ரூபாய்கூட மேலதிகமாகக் கொடுக்கமாட்டேன். பழரசம் கலந்து பரிமாறப் போகிறீர்கள் என்றால் கடையிலுள்ள மலிவான போத்தலே போதும்.

அனுமதிப்பத்திரம் பெற்ற கடையில் வாங்குங்கள். மதுவரித் திணைக்களத்தின் ஒட்டுமுத்திரை கிழியாமலும் மூடி உடையாமலும் இருக்கிறதா என்று பாருங்கள்; மதுசாரத்தின் சதவீதமும் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், விலையிலோ பொருளிலோ குறை இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடும்போது கையில் சான்று இருக்கும்.