துணை நடிகையாகவே 50 ஆண்டுகளுக்கு மேல் மனோரமாவால் எப்படி நிலைக்க முடிந்தது?

முதல் காரணம் நாடக மேடை. அங்கே வசனம் மொத்தமும் மனப்பாடமாக இருக்க வேண்டும், குரல் கடைசி வரிசை வரை போக வேண்டும். அந்தப் பயிற்சியோடுதான் 1958-இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவை வேடத்தில் அறிமுகமானார். 1963-இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் நிலைத்தது நகைச்சுவையிலும் குணச்சித்திரத்திலும்தான். அது நல்லதாகவே போயிற்று என்பேன்: நாயகிக்கு வயதானால் வாய்ப்பு சுருங்கும், இவருக்கோ வயதோடு வேடமும் மாறியது. நாகேஷின் ஜோடி, பிறகு அம்மா, பிறகு பாட்டி.

இன்னொரு பலம் வட்டார வழக்கு. ‘பொம்மலாட்டம்’ படத்தில் ‘வா வாத்தியாரே ஊட்டாண்ட’ பாட்டைத் தன் சொந்தக் குரலிலேயே பாடினார். சென்னைத் தமிழின் இழுப்பும் வெட்டும் அதில் அப்படியே விழும். ‘சின்னக் கவுண்டர்’ ஆத்தாவிடம் கொங்குப் பேச்சு.

தெலுங்குப் படங்களும் அப்போது பெரும்பாலும் சென்னை ஸ்டூடியோக்களில்தான் எடுக்கப்பட்டன. அதனால் ஒரே ஊரில் இருந்தபடி இரு மொழிக்கும் கால்ஷீட் தர முடிந்தது. துணை வேடத்துக்குப் படத்துக்குச் சில நாட்களே போதும் என்பதால் எண்ணிக்கையும் ஏறியது. ஆயிரம் படங்களுக்காக கின்னஸில் இடம்பெற்றார். ‘புதிய பாதை’க்குத் தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ. தெலுங்கு ‘அருந்ததி’ வந்த 2009-இலும் அவர் திரையில் இருந்தார்.