வேம்பு காயட்டும்

அன்புள்ள அண்ணை,
முல்லைத்தீவு மல்லாவியில் அப்பா நட்ட வேம்பைப் பங்குனியில் தறித்தோம். கனடா ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கிற அக்கா வைகாசியில் திரும்புகிறா. அதற்குள் நாலு அக்காமாருக்கும் ஆளுக்கொரு பேனை கடைந்து கொடுத்துவிட ஆசை. கொப்பொன்று அறுத்துவைத்திருக்கிறேன். எந்தப் பூச்சு நல்லது? அழகுக்கு முதிரை மரமும் கலக்கலாமா?

தம்பி,
பூச்சைப் பிறகு பார்ப்போம். பச்சை மரத்தை வைத்துக்கொண்டு பூச்சைக் கேட்கிறீரே! மெல்லிய மரப் பேனைக்குள் இருப்பது 7 மில்லிமீற்றர் பித்தளைக் குழாய். அதன்மேல் நிற்கும் மரம் ஓரங்களில் ஒரு மில்லிமீற்றரும் இராது. மரம் காயக்காயச் சுருங்கும், பித்தளை சுருங்காது. கடைசியில் மரம்தான் நீளவாக்கில் மயிர்க்கோடாய் வெடிக்கும்.

மல்லாவியில் வெடிக்காததும் ரொறன்ரோவில் வெடிக்கும். எங்கள் காற்றில் காய்ந்த மரத்தில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு ஈரம் நிற்கும். தை மாதம் சூடேற்றிய வீட்டுக்குள் அது 6, 7க்கு இறங்கிவிடும். அந்த வீட்டுக்குத்தான் நீர் மரத்தைக் காயவைக்க வேண்டும்.

கொப்பை விடும், அது முறுகும். அடிமரத்து வைரத்தில், நட்டநடுவைத் தவிர்த்து, ஓரங்குலச் சதுரத்தில் ஆறங்குலக் கட்டைகளாய் அறும். அறுக்குமுன் காந்தம் பிடித்துப் பாரும். உங்கள் பக்கத்து மரங்களுக்குள் போர்க்காலத்துச் செல் குண்டுத் துண்டும் துவக்குச் சன்னமும் கிடக்கும். ஆழத்தில் இருப்பதைக் காந்தம் காட்டாது. மரத்தில் கருநீலக் கறை கண்டால் வாளை நிறுத்தும்.

இரு முனையிலும் மெழுகு உருக்கிப் பூசும். ஈரம் முனையால்தான் முந்தி ஓடும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். வெயிலில் போடவே கூடாது. காற்றோடும் நிழலில், இடையில் குச்சி வைத்து அடுக்கும். கிழமைக்கொருமுறை ஒரு கிராமும் காட்டும் தராசில் நிறுத்து, நிறையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதும். மூன்று கிழமை நிறை அசையாவிட்டால், சூடேறும் பழைய மாதிரி 40 வாற்ஸ் குண்டு பல்ப் எரியும் பெட்டிக்குள், பல்ப்பில் முட்டாமல் வையும். நிறை மறுபடி இறங்கும். அங்கேயும் அசையாமல் நின்ற பிறகுதான் துளை. சோளகக் காற்றுக் காலம் முழுக்கப் போகலாம், போகட்டும்.

துளையையும் ஒரே மூச்சில் இறக்காதேயும். கால் அங்குலத்துக்கொருமுறை அலகை இழுத்துத் தூளைத் தட்டும். சூடேறினால் காய்ந்த மரமும் வெடிக்கும்.

முதிரை வேண்டாம். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியைக் கிளப்பும். அதைவிட, அப்பா நட்டது வேம்பு. அதற்குள் முதிரைக்கு என்ன வேலை?

அக்கா இந்த முறை பேனை இல்லாமல் போகட்டும். போகுமுன் நாலு கட்டையை அவவின் கையில் கொடுத்து, நாலு பேரின் பெயரையும் அவவையே எழுதச் சொல்லும்.