கோதுமையை நிறுத்திவிட்டேன், எடை மட்டும் ஏறிக்கொண்டே போகிறதே டாக்டர்?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன். வயது 41, வீட்டிலேயே தையல் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி எல்லாம் செய்து சீலியாக் நோய் என்றார்கள். அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதையும் தொடுவதில்லை. வயிற்றுப்போக்கு நின்றது, ரத்தசோகையும் சரியானது. ஆனால் 64 கிலோ இருந்த நான் இப்போது 78 கிலோ, உயரம் 158 செ.மீ. எடை குறைக்க 1,400 கலோரி உணவுப் பட்டியல் ஒன்று வாங்கி மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். அதில் காலையில் ஓட்ஸ், இரவில் 2 சப்பாத்தி என்று இருக்கிறது. நான் ஓட்ஸுக்குப் பதில் கேவுரு கூழ், சப்பாத்திக்குப் பதில் 4 சாமை தோசை சாப்பிடுகிறேன். ஒரு கிலோகூட குறையவில்லை. கொஞ்ச நாளாக வயிறு உப்புசம் வேறு. பேசாமல் இரவு மட்டும் சப்பாத்தி சாப்பிடலாமா?

பதில்: கூடாது அம்மா. பாதி சப்பாத்திகூட கூடாது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உங்கள் கேள்வியை இந்த வாரமே எடுத்துக்கொண்டேன். சீலியாக் நோயில், கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்பு சக்தி திரும்பி உங்கள் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உள்பக்கத்தில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற அமைப்புகள் தேய்ந்துபோகின்றன. அவை மறுபடி வளர்ந்ததால்தான் உங்கள் ரத்தசோகை போயிருக்கிறது. எடைக்காக அந்தக் குடலை மறுபடி கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடை ஏறியதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான். முன்பு சாப்பிட்டதில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டாமலே வெளியே போனது. இப்போது குடல் ஆறிவிட்டது, சாப்பிடுவது அப்படியே ஒட்டுகிறது, ஆனால் தட்டில் அளவு பழைய அளவுதான். நிறைய பேருக்கு இப்படி நடக்கிறது, நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைக்காதீர்கள். உங்கள் உயரத்துக்கு 78 கிலோ என்றால் பிஎம்ஐ 31, நம் நாட்டவர்களுக்கு 25 தாண்டினாலே உடல் பருமன் என்று கணக்கு. ஆகவே குறைக்கத்தான் வேண்டும்.

அந்தப் பட்டியலின் சிக்கல் வேறு. நம் ஊரில் எடை குறைக்க யார் எழுதிக் கொடுத்தாலும் ஓட்ஸ், கோதுமை ரவை உப்புமா, இரவு சப்பாத்தி என்றுதான் வரும், சோறு என்றாலே குண்டாக்கும் என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. நீங்கள் தானியத்தின் பெயரை மாற்றினீர்கள், அது எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்க்கவில்லை. இரண்டு சப்பாத்திக்கு ஏறக்குறைய 60 கிராம் மாவு, எண்ணெய் இல்லாமல் 200 கலோரி. நாலு சாமை தோசைக்குக் குறைந்தது 120 கிராம் தானியம் போகும், ஒரு தோசைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்றாலும் டீஸ்பூனுக்கு 45 கலோரி, எல்லாம் சேர்ந்து 600 கிட்டே வந்துவிடுகிறது. தினமும் இரவில் 400 கலோரி கூடுதல் என்றால் பட்டியல் எப்படி வேலை செய்யும்?

சிறுதானியம் என்றாலே கலோரி குறைவு என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 100 கிராம் அரிசியில் 356 கலோரி, சாமையில் 346, கம்பில் 348, கேவுரில் 320. பெரிய வித்தியாசமே கிடையாது. கேவுரு, கம்பு ஆகியவற்றில் நார்ச்சத்து அதிகம் என்பதால் பசி சீக்கிரம் திரும்பாது, கேவுரில் கால்சியமும் நிறைய, உங்கள் எலும்புக்கு அது தேவை. அந்த நன்மைக்காகச் சாப்பிடுங்கள், அளந்து சாப்பிடுங்கள். கூழை விட களி மேல் என்பேன், களியை உருட்டி வைத்தால் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும், கூழ் சொம்பில் இருந்தால் குடிப்பது தெரியாமலே இறங்கிவிடும்.

வழி சுலபம்தான். பட்டியலில் எங்கெல்லாம் 2 சப்பாத்தி இருக்கிறதோ அங்கெல்லாம் சமைக்காத நிலையில் 60 கிராம் தானியம் என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், ஓட்ஸ் 40 கிராம் என்றால் கேவுரு மாவும் 40 கிராம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு உங்கள் வீட்டு டம்ளரில் எந்தக் கோடு வரை என்று கை பழகிவிடும். 60 கிராம் அரிசி வடித்தால் ஒரு கிண்ணம் சோறு கிடைக்கும், தாராளமாக இரவில் சாப்பிடலாம், சோறு உங்களுக்கு எதிரி இல்லை. தட்டில் பாதியைக் காய்க்கு விடுங்கள். நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இருக்கிறதே, அதை எண்ணெயில் மிதக்கவிடாமல் கொஞ்சம் கொள்ளோ காராமணியோ சேர்த்துக் குழம்பு வைத்தால் புரதமும் வந்துவிடும். முட்டை, மீன், தோல் எடுத்த கோழி எல்லாம் சரி. மல்லாட்டை (வேர்க்கடலை) நல்லதுதான், ஆனால் தைத்துக்கொண்டே கொறித்தால் கணக்கு போய்விடும். ஒரு கைப்பிடி 30 கிராம், அதுவே 160 கலோரிக்கு மேல்.

க்ளூட்டன் இல்லை என்று போட்டு விற்கும் பிஸ்கட்டை வாங்கி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் நிறுத்துங்கள். கோதுமையை எடுத்துவிட்டு அரிசி மாவு, மரவள்ளி மாவு, சர்க்கரை, கொழுப்பு என்று சேர்த்திருப்பார்கள், நார்ச்சத்து சொற்பம்.

இப்போது உப்புசத்துக்கு வருகிறேன், எனக்கு எடையை விட இதுதான் கவலை. கேவுரை எங்கே அரைக்கிறீர்கள்? சில மாதங்களுக்கு முன் உங்களைப் போலவே ஒருவர் தன் வீட்டு மாவை டப்பாவோடு கொண்டுவந்து காட்டினார். சுத்தமான கேவுரு, கடையில் பார்த்துப் பார்த்து வாங்கியது. ஆனால் மேலே செம்பழுப்பாக இருந்த மாவு கரண்டியை விட்டுத் தோண்டியபோது அடியில் வெளுத்துத் தெரிந்தது. மில்லில் அவருக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துக்கொண்டு போயிருக்கிறார், இயந்திரத்தில் தங்கியிருந்த மாவெல்லாம் இவர் டப்பாவில் முதலில் விழுந்திருக்கிறது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் க்ளூட்டன் இல்லாதது என்று லேபிள் போடவே முடியாது, விதி அவ்வளவு கறாராக இருக்கும்போது ஒரு கைப்பிடி கோதுமை மாவு என்ன செய்யும் என்று யோசியுங்கள். முழு தானியமாக வாங்கிப் புடைத்து, கழுவி, வெயிலில் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். சாமையும் அப்படித்தான். அப்புறம் பெருங்காயத் தூள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி போடும் கல்லிலேயே உங்கள் தோசையை ஊற்றாதீர்கள். ஓட்டலிலும் பரோட்டா போட்ட கல்லில் ஆம்லெட் வேண்டாம்.

ஓட்ஸில் இயல்பாக இந்த க்ளூட்டன் இல்லை, ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுகிறது. உப்புசம் தீரும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கல்யாண வீடுகளில் ஆம்பூர் பிரியாணி சாப்பிடலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். சீரகச் சம்பா அரிசிதானே, ஒரு கிண்ணமும் இரண்டு துண்டு கறியும் மாதம் ஒருமுறை குற்றமில்லை. பக்கத்தில் வைக்கும் பிரெட் அல்வாவையும் ஆற்காடு மக்கன் பேடாவையும் தொடாதீர்கள், முன்னது ரொட்டி, பின்னது மைதா. மைதா தடவிப் பொரித்த சிக்கனும் அதே கதைதான்.

இதற்கிடையில் ஒருமுறை ரத்தம் கொடுங்கள். சீலியாக் நோயைக் காட்டிக்கொடுக்கும் டிடிஜி ஆன்டிபாடி இன்னும் உயர்ந்திருந்தால் எங்கோ க்ளூட்டன் ஒளிந்து உள்ளே போகிறது என்று அர்த்தம். தைராய்டும் அவசியம் பாருங்கள், சீலியாக் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு மற்றவர்களை விட அதிகம் வருகிறது, எடை குறையாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். குறைபாடு இருந்தால் கம்பைத் தினமும் சாப்பிடாதீர்கள். ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம். தையல் மெஷின் முன்னால் மணிக்கணக்கில் உட்காருவதால் நம்மூர் வெயில் ஏறும் முன், ஏழு மணிக்குள், முப்பது நாற்பது நிமிடம் நடந்துவிடுங்கள்.

வாரம் அரை கிலோ குறைந்தால் போதும், அதற்கு மேல் அவசரப்படாதீர்கள். வயிற்றுப்போக்கு திரும்பினாலோ காரணமே இல்லாமல் எடை மளமளவென்று இறங்கினாலோ பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு உங்களுக்கு எண்டோஸ்கோபி செய்த மருத்துவரிடம் அந்த வாரமே போங்கள். மாவை வீட்டில் அரைக்க ஆரம்பித்து ஆறு வாரம் கழித்து உப்புசம் எப்படி இருக்கிறது, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.